சிலுவை போட்ட கையைக் கட்டினார்கள்

பேருந்து மாதா கோயில் வாசலைக் கடக்கும்போது என் கை தானாக நெற்றிக்குப் போய்விடும். மனசில் எது ஓடினாலும் சரி, மடியில் மீன் கூடை இருந்தாலும் சரி, நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என்று ஒரு சுற்று வந்து உதட்டில் முடியும். ராயபுரத்தில் எங்கள் கோயிலைச் சுற்றி வளர்ந்த பெண்கள் எல்லாருக்கும் அப்படித்தான். அதை யோசித்துச் செய்வதில்லை. இமை கொட்டுவதுபோல நடந்துவிடும். அந்தப் பழக்கத்தினால்தான் ஒருநாள் எங்கள் நாற்பது பேர் கையையும் கயிற்றால் கட்டினார்கள்.

எண்ணூரில் ஒரு சினிமா எடுத்தபோது நடந்தது இது. முன்னூறு நானூறு வருஷத்துக்கு முந்தின கதை என்றார்கள். எனக்கு சினிமாவில் ஆசை கிடையாது. நாலு பேர் பார்த்தால் கையைக் காலை எங்கே வைப்பது என்றே எனக்குத் தெரியாது. காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகையில்கூட சுவரைப் பார்த்த மூலையில் உட்காருகிறவள் நான். அப்படிப்பட்டவள் அங்கே போனது என் மகளுக்காக.

அவள் அரபு நாட்டில் ஒரு வீட்டு வேலைக்குப் போய் அப்போது ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது. பாஸ்போர்ட்டை வீட்டுக்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதைத் திரும்ப வாங்கி, அவளை ஊருக்கு வரவழைக்க வேண்டும். எனக்கு அந்த நாளில் வேறு நினைப்பே இல்லை.

அவளை அனுப்பிவைத்தது ஓர் அக்கா. என்னைவிடப் பத்து வயது சின்னவள், ஆனால் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம், நானும் அப்படித்தான். தெற்குச் சீமையிலிருந்து வந்து பாத்திரக்கடை வைத்து நன்றாக இருக்கிற குடும்பம். கடைக்கு மேலே ஒரு பெரிய அறை. வெள்ளிக்கிழமை தோறும் அங்கே ஜெபக்கூட்டம். நோயாளிக்கு எண்ணெய் தடவுவாள், வேலை இல்லாதவர்களுக்கு வேலை பார்த்துக் கொடுப்பாள், கல்யாணத்துக்குச் சேலை எடுத்துக் கொடுப்பாள். அவள் வாசலில் யாரும் வெறுங்கையோடு திரும்பியதில்லை என்று பேச்சு. நானும் அந்தப் பேச்சைப் பத்துப் பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

என் மகள் துணி தைக்கும் கம்பெனியில் இருந்தாள். கொரோனாவுக்குப் பிறகு கம்பெனியை மூடிவிட்டார்கள். கட்டினவன் அதற்கு முன்பே விட்டுவிட்டுப் போயிருந்தான். பிள்ளையும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்ததும் அக்கா என்னைக் கூப்பிட்டு, “ஒங்க மவள அனுப்புதியளா? நல்ல குடும்பம், பக்தியான ஆளுங்க. நாம வேற மதம், அவங்க வேற மதம், ஆனா நேரந்தவறாம ஜெபிக்கிறவங்க. ஜெபிக்கிற வீட்டுல பிள்ளைக்கு ஒரு குறையும் வராது” என்றாள்.

மகளுக்கு இஷ்டமில்லை. “இங்கியே எதனா பாத்துக்கறேம்மா” என்றாள். நான்தான் விடவில்லை. அக்கா சொல்லிவிட்டாள், ஆண்டவர் வழி காட்டுகிறார், நீ என்ன மறுப்பது என்று ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். பிறகு அவளே தலையாட்டினாள். கிளம்பும் நாளில் அக்கா அவளை முழங்காலில் நிறுத்தி, தலையில் கை வைத்து, எண்ணெயால் நெற்றியில் சிலுவை வரைந்தாள். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷ அழுகை என்றுதான் அன்று நினைத்தேன்.

முதல் மூன்று மாதம் வாரத்துக்கு ஒருதரம் போனில் பேசினாள். பிறகு பேச்சு நின்று, எப்போதாவது ஒரு குரல் செய்தி வரும். குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறைக்குள் இருந்து பேசுவாள். தண்ணீர் சத்தத்துக்கு நடுவே அவள் குரலைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

“எம்மா, என்னை வேற வூட்டுக்கு மாத்திட்டாங்க. பாஸ்போர்ட்டு இவங்க அலமாரில கீது. வெளிய வுட மாட்றாங்க. முன்னாடி இங்க வேல செஞ்சவ பேரச் சொல்லித்தான் என்னியும் கூப்புடறாங்க. என் பேரச் சொன்னா சிரிக்கறாங்க. அக்காகிட்ட சொல்லி என்னை வரச்சொல்லும்மா.”

அதைக் கேட்ட அன்றே அக்காவிடம் போனேன். கடையில் ஆள் நிறைய இருந்தார்கள். பெரிய குத்துவிளக்கு ஒன்றை யாருக்கோ விலை பேசிக்கொண்டிருந்தாள். ஓரமாக நின்று, ஆள் போன பிறகு மெல்லச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். மேலே அழைத்துப்போய் வேதத்தைத் திறந்து, பணியாளர்கள் எஜமானருக்குக் கீழ்ப்படிய வேண்டிய இடத்தை நிறுத்தி நிறுத்திப் படித்தாள். ஒரு சின்னப் புட்டியில் எண்ணெய் கொடுத்தாள்.

“ஒம்பது நாள் நவநாள் சொல்லுங்க. மவ போட்டோவுல இத வைங்க. வீட்டுக்காரங்க மனசு மாறிரும். நான் பேசுதேன்லா அங்க உள்ள ஆளுகிட்ட. நீங்க போயி அங்கயும் இங்கயும் சொல்லிட்டுத் திரியாதீய. பிள்ளைக்குத்தான் கெட்ட பேரு.”

ஒன்பது நாள் சொன்னேன். அப்புறம் இன்னொரு ஒன்பது நாள். போட்டோ எண்ணெய் குடித்து மகளின் முகம் மஞ்சளாகிப்போனது. மறுபடி கேட்கப் போகும்போதெல்லாம் அக்காவைச் சுற்றி ஆட்கள் இருப்பார்கள். நான் தூணோரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். இதை இப்படிச் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. பெற்ற மகளுக்காகப் பேச ஒருத்திக்கு வாய் வராதா என்று கேட்பீர்கள். வரவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் சினிமாக்காரர்கள் வந்தார்கள். கும்பலில் நிற்க வயசான பெண்கள் வேண்டும், கறுத்து மெலிந்தவர்களாக வேண்டும் என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார்கள். யாருக்கு ஆள் வேண்டுமென்றாலும் அவளிடம்தானே வருவார்கள். கூட்டத்தில் அறிவித்தாள். இரண்டு நாள் வேலை, வேனில் அழைத்துப்போய் வேனில் கொண்டுவந்து விடுவார்கள், அக்காவும் கூடவே வருவாள். அந்தக் கடைசி வார்த்தைக்காக நான் கை தூக்கினேன். வேனில் அவள் பக்கத்தில் இடம் கிடைத்தால் மெதுவாகக் கேட்டுவிடலாம்.

பக்கத்து வீட்டுக்காரி, என்னோடு இறால் உரிக்கிறவள், அவளும் கை தூக்கியிருந்தாள், என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“நீயா? போட்டா புடிக்க வந்தாலே கதவு சந்துல பூந்துக்குவ. இன்னாமே ஆச்சி ஒனக்கு?”

“சும்மாதான்” என்றேன்.

“ஈரோயினி ஆவப் போறியா? எனக்கும் ஒரு டூயட்டு வாங்கிக் குடு.”

முதல் நாள் வேனில் அக்கா முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கடைசி சீட்டு.

முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் சேற்றுத் திட்டு. அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலந்து அந்தச் சேறு சாம்பல் நிறத்தில் இருக்கும், காலை வைத்தால் முழங்கால் வரை இழுக்கும். அங்கே மரக்கப்பல் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். முன்பக்கம் பார்த்தால் அசல் கப்பல், பின்னால் போனால் சவுக்குக் கட்டையும் பலகையும்தான். எங்களுக்கு அழுக்குக் கோணி மாதிரி துணி கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். மேக்கப் போடுகிறவர் உடம்பில் சேறு பூச வந்தார். பக்கத்து வீட்டுக்காரி அவரைத் தடுத்து, “அத வெச்சிக்க நைனா. ஒரு தபா வுழுந்து எழுந்தா போதும், ஒன் டப்பாவுல கீறதவிட நல்லா கலீஜா வந்துடுவோம்” என்றாள்.

புகைபோக்கிகள் படத்தில் விழக்கூடாது என்று கேமராவைத் தரையோடு தரையாக வைத்தார்கள். துறைமுகத்துக்குப் போகும் பெரிய கப்பல் கடலில் தெரிந்தால் அது நகர்ந்து மறையும்வரை எல்லாரும் அப்படியே காத்திருக்க வேண்டும். முக்கால்வாசி நேரம் காத்திருப்புதான். அரிப்பு எடுத்துக் காலெல்லாம் தடித்துவிட்டது.

எங்களைப் பார்த்துக்கொள்ள உதவி இயக்குநர் ஒரு பெண் இருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும், கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. அவள்தான் எங்களுக்குக் கதை சொன்னாள். அந்தக் காலத்தில் பெரிய பஞ்சம் வந்ததாம். இதே கடற்கரையில், பழவேற்காடு பக்கமெல்லாம், வெள்ளைக்கார வியாபாரிகள் கோட்டை கட்டி இருந்தார்களாம். சோற்றுக்கு வழியில்லாத சனங்களை விலைக்கு வாங்கிக் கப்பலில் ஏற்றித் தீவுகளுக்கு அனுப்பினார்களாம். ஏற்றுவதற்கு முன்னால் ஒரு பாதிரிச் சாமியார் வந்து ஞானஸ்நானத் தண்ணீர் தெளித்து, எல்லாருக்கும் புதுப் பெயர் வைப்பாராம். உடம்பு போனாலும் ஆத்துமா பிழைத்தது என்று வியாபாரிகள் நிம்மதியாக மேல்தட்டில் பூசை காண்பார்களாம். கீழே பலகைக்கு அடியில் சனங்கள் மூச்சுவிட இடமில்லாமல் கிடப்பார்களாம்.

“ஆள் புடிச்சிக் குடுத்தது வெள்ளைக்காரன் மட்டும் இல்லம்மா. நம்ம ஊர்த் தரகருங்கதான் வீடு வீடா போனாங்க” என்றாள் அந்தப் பெண். “பஞ்சத்துல சில பேரு பெத்த புள்ளைங்கள அவங்களே கொண்டுவந்து வித்துட்டாங்க.”

“அய்ய, பெத்தவளா விப்பா?” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“அங்க போனா சோறு கெடைக்கும்னு நெனச்சிருப்பாங்க இல்ல.”

என் கையில் சோற்றுப் பொட்டலம் இருந்தது. பாதியை மடித்து வைத்துவிட்டேன். சற்றுத் தள்ளி, குடையின் கீழ் பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா ஜெபமாலை உருட்டிக்கொண்டு இருந்தாள். எழுந்து போய்க் கேட்டுவிடலாம் என்று இரண்டுதரம் கட்டியிருந்த கோணித் துணியைத் தட்டினேன். இரண்டுதரமும் யாரோ அவளிடம் பேச வந்துவிட்டார்கள்.

இரண்டாம் நாள்தான் சாமியார் வரும் காட்சி. அவராக நடித்தவர் டிவி தொடர்களில் வில்லனாக வருகிறவர். எங்கள் மதத்துக்காரர் இல்லை, காலையில் நெற்றியில் விபூதியோடு வந்து இறங்கினார். ஆனால் நீளக் கறுப்பு அங்கியும் கழுத்தில் பெரிய சிலுவையும் போட்டுக்கொண்டு நின்றதும் எங்களுக்கு எழுந்து நிற்கத் தோன்றியது. நிஜமாகவே நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி நேராக அவரிடம் போனாள்.

“சாமி, எனுக்கு முட்டி வலி. ஒரு தபா தலைல கை வெச்சிச் சொல்லேன்.”

“அம்மா, நான் சீரியல்ல நடிக்கறவம்மா.”

“தெரியும் சாமி. தெனம் ஒன்னத் திட்டிகினுதான் சாப்புடறேன். உடுப்பு மாட்டிகினு கீற இல்ல, கழட்டறதுக்குள்ள சொல்லிடு.”

அவர் சிரித்துக்கொண்டே அவள் தலையில் கை வைத்தார். அன்றைக்கு நாங்கள் சிரித்தது அதற்கு மட்டும்தான்.

காட்சி இதுதான். நாங்கள் வரிசையாக நிற்க வேண்டும். சாமியார் பித்தளைச் சொம்போடு வரிசையில் வந்து, ஒவ்வொருத்தருக்கும் தண்ணீர் தெளித்துக் கையை உயர்த்திச் சிலுவை வரைவார். பக்கத்தில் கணக்கன் ஒருவன் புதுப் பெயர் எழுதின சின்ன மரப்பலகையைக் கழுத்தில் மாட்டுவான். நாங்கள் ஒன்றும் புரியாமல் விழிக்க வேண்டும்.

கேமரா ஓடியது. அவர் கையை உயர்த்தி எங்களுக்குத் தெரியாத பாஷையில் ஏதோ சொன்னார். பாஷை தெரியாவிட்டால் என்ன, கை போன வழி தெரியுமே. வரிசையில் இருந்த பாதிப் பேர் கை நெற்றிக்குப் போய்விட்டது.

“கட். யாரும்மா அது சிலுவை போடறது?” மைக்கில் இயக்குநர் குரல் வந்தது. “ஒங்களுக்கு இவர் யாருன்னே தெரியாது. இந்தத் தண்ணி என்னன்னும் தெரியாது. இன்னிக்குத்தான் மொதல் முறையா பாக்கறீங்க.”

தலையாட்டினோம். மறுபடி எடுத்தார்கள். மறுபடி கை போனது. இந்தத் தரம் என் கையும்தான். அடுத்த முறை கையைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டோம். அப்படியும் ஒருத்தி ஓரத்தில் போட்டுவிட்டாள். “பயக்கம் சார், அதுவா வந்துடுது” என்றாள் அவள். ஏழெட்டுத் தரம் ஆயிற்று. வெயில் ஏறிவிட்டது, தூரத்தில் கப்பல் ஒன்று தெரிய ஆரம்பித்தது. கடைசியில் இயக்குநர் களைத்துப்போய், “எல்லார் கையையும் கட்டிடுங்க. அப்படித்தான கட்டி வெச்சிருப்பான், இன்னும் நல்லாவே இருக்கும்” என்றார்.

தேங்காய் நார்க் கயிறு கொண்டுவந்தார்கள். இரண்டு கையையும் முன்னால் சேர்த்துக் கட்டி, அந்த முனையை அடுத்தவள் கட்டோடு பிணைத்துக்கொண்டே போனார்கள். ஐஸில் இறால் உரித்து உரித்து எங்கள் விரலெல்லாம் தோல் உரிந்து கிடக்கும். மணிக்கட்டில் நார் உரசியபோது சுரீர் என்றது. உதவி இயக்குநர் பெண் ஒவ்வொருத்தரிடமும் வந்து, “சாரிம்மா, இறுக்கமா இருக்கா” என்று கேட்டுத் தளர்த்திவிட்டுப் போனாள். யாரோ சிரிக்கப் பார்த்தார்கள். சிரிப்பு வரவில்லை.

கேமரா ஓடியது. சாமியார் வரிசையில் வந்தார். இப்போது ஒரு கையும் எழவில்லை. கயிறு மட்டும் அங்கங்கே சற்று வெட்டி வெட்டி இழுத்தது. எங்கள் கைகள் போக முயன்றுகொண்டுதான் இருந்தன.

என் முறை வந்தது. தண்ணீர் என் முகத்தில் விழுந்தது. கணக்கன் மரப்பலகையை மாட்டினான். யாரோ ஒருத்தியின் பெயர் என் நெஞ்சில் தொங்கியது. முன்னாடி வேலை செய்தவள் பெயரைச் சொல்லித்தான் என் மகளைக் கூப்பிடுகிறார்கள் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. சாமியார் கையை உயர்த்தினார். கேமராவுக்குப் பின்னால் குடையோடு அக்கா நின்றிருந்தாள். கண்ணை மூடி, பக்தியாக, நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என்று நிதானமாகச் சிலுவை போட்டாள். அவள் கையில் கட்டு இல்லை.

“யக்கா” என்றேன்.

அந்தக் குரல் என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை.

“யக்கா, என் பொண்ணோட பாஸ்போர்ட்ட வாங்கிக் குடு. என் பொண்ண வூட்டுக்கு அனுப்பச் சொல்லு. நான்தான் அவள அனுப்புனேன். நீ சொன்னன்னு நான்தான் அனுப்புனேன். எனுக்கு எண்ணெ வேணாம். என் பொண்ணு வேணும். பாஸ்போர்ட்ட வாங்கிக் குடுக்கா.”

முன்னால் ஓடப் பார்த்தேன் போலிருக்கிறது. கயிற்றில் இரண்டு பக்கமும் பெண்கள் இழுபட்டு, மூன்று நான்கு பேர் சேற்றில் முழங்காலிட்டு விழுந்தோம். அப்போதும் கத்திக்கொண்டிருந்தேன். யாரும் கட் சொல்லவில்லை. சாமியாராக நடித்தவர் என்ன செய்வது என்று தெரியாமல் என் தலையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார்.

பிறகு சினிமாக்காரர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். இயக்குநர் எழுந்து வந்தார்.

“பாட்டிம்மா, பிரமாதம். என்ன சொன்னாலும் பரவால்ல, டப்பிங்ல வேற போட்டுக்கலாம். அந்த முகம் போதும்.”

கயிற்றை அவிழ்க்கும்போது பக்கத்து வீட்டுக்காரி என்னையே பார்த்தாள். மகள் சேதி அவளுக்குத் தெரியாது. யாருக்கும் நான் சொல்லவில்லை, சொல்லக்கூடாது என்று அக்கா சொல்லியிருந்தாளே. ஒரு வார்த்தையும் கேட்காமல், சேற்றுக் காலோடு நேராகக் குடைக்குப் போனாள். கூட இருந்த பெண்களும் போனார்கள்.

“இன்னாக்கா, அந்தப் பொண்ணு பாஸ்போர்ட்டு எங்க கீது?”

“நான் பேசிக்கிட்டுதாம்மா இருக்கேன். இதெல்லாம் ஒரு நாள்ல நடக்குத காரியமா? ஜெபத்துல வச்சிருக்கேன்.”

“இப்பப் பேசு. போனு கைலதான கீது.”

“இங்க வச்சி என்ன பேச. வீட்டுக்குப் போயி…”

“இங்கதான் பேசு. ஸ்பீக்கர்ல போடு. நாங்களும் ஜெபம் பண்ணிகினே கேக்கறோம்.”

நாற்பது பேரும் சினிமாக்காரர்களும் சுற்றி நின்றார்கள். அக்காவால் மறுக்க முடியவில்லை. நம்பரை அழுத்தினாள். எதிர்ப்பக்கம், அரபு நாட்டில் உள்ள அவளுடைய ஆளின் குரல் எடுத்த எடுப்பில், “இயேசுவுக்கே புகழ் அக்கா” என்றது.

“மரியே வாழ்க. தம்பி, நம்ம ராயபுரத்துப் பிள்ள…”

அவள் மேலே சொல்லும் முன் அவன் முந்திக்கொண்டான். “அந்தப் பொண்ணு மறுபடியும் போன் பண்ணுச்சா? வேற வீட்டுக்கு மாத்துனதுலேர்ந்து இதே தலைவலி. இப்ப போனையும் புடுங்கியாச்சு, கதவையும் பூட்டித்தான் வெச்சிருக்காங்க. நீங்கதான சொன்னீங்க, ரெண்டு வருஷம் ஓடட்டும், அம்மாக்காரிய நான் ஜெபத்துல சமாளிச்சிக்கறேன்னு. சமாளிங்க அக்கா.”

அக்கா போனை அணைத்தாள். கடலில் அந்தக் கப்பல் எங்களுக்கு நேராக வந்துவிட்டது. “பிரேக்” என்று யாரோ மைக்கில் சொன்னார்கள்.

அன்று மாலையே பக்கத்து வீட்டுக்காரி என்னை எங்கள் கோயில் பங்குச் சாமியாரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார். அக்கா கோயிலுக்கு எவ்வளவோ செய்கிறவர், அவர் மனம் நோகாதபடி பேசிப் பார்க்கிறேன் என்றார். பேசினாரோ என்னவோ. உதவி செய்தது அந்தக் குரல் போன உதவி இயக்குநர் பெண்தான். வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களை மீட்கிற ஒரு பெண்கள் சங்கத்துக்கு என்னைக் கூட்டிப்போய்விட்டாள். அவர்கள் கேட்க, நான் சொல்ல, எழுதினார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மகளின் பெயரை மட்டும் நானே எழுதுகிறேன் என்று வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். அந்தக் காகிதம் தூதரகத்துக்குப் போய், அங்கே போலீஸ் போய்க் கதவைத் தட்டி, அவளை வெளியே கொண்டுவர நாலு மாதம் ஆயிற்று.

விமான நிலையத்தில் என்னைத் தாண்டிப் போன பிறகுதான் அது அவள் என்று தெரிந்தது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். ஓடிப்போய்த் தோளைத் தொட்டபோது, அடி விழப்போவதுபோல இரண்டு கையையும் தூக்கி முகத்தை மறைத்தாள்.

இரண்டு காதும் போய்விட்டது. வலது காதில் ஒன்றுமே இல்லை. இடது காதில், ஒட்டி நின்று கத்தினால் ஏதோ இரைச்சல் கேட்குமாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் காட்டினோம். சவ்வு கிழிந்து, சீழ் பிடித்து, நாளாகிவிட்டது என்றார்கள். அவளாக ஒருநாள்தான் சொன்னாள். அரிசி களைந்துகொண்டே, யாரையோ பற்றிச் சொல்வதுபோல.

“கூப்ட்டவொடனே வர்லன்னு கன்னத்துல அடிப்பாங்க. அடிச்சி அடிச்சி காது போச்சி. அப்பால கூப்ட்டா கேக்கல. அதுக்கு அடிச்சாங்க.”

அந்த வீட்டில் பாஷையும் தெரியாமல் காதும் கேட்காமல், ஆட்களின் வாயைப் பார்த்துப் பார்த்தே என்ன கேட்கிறார்கள் என்று புரிந்துகொள்ளப் பழகியிருக்கிறாள். இப்போது என் முகத்தைப் பார்த்தால் கண்ணைப் பார்ப்பதில்லை, உதட்டைத்தான் பார்க்கிறாள். நான் குரல் எழுப்பாமல் வாயை அசைத்தால் போதும். ஆனால் அவள் பேச்சு உரத்துவிட்டது. தன் குரல் அவளுக்குத் தெரிவதில்லை. கடையில், பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்குக் கூச்சம் தாங்காது. மெதுவாகப் பேசு என்பதற்கு அவள் கையை அழுத்துவேன். அவளும் வாயை மூடிக்கொள்வாள்.

இந்த வருஷம் தவக்காலத்தில் அந்தப் படத்தைக் கோயில் மண்டபத்தில் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நம் பங்கு மக்களே நடித்த படம் என்பதால் கூட்டம். பங்குச் சாமியார் பேசினார். அந்தக் காலத்தில் மதத்தின் பெயரைச் சொல்லி மனிதரை மனிதர் அடிமையாக்கிய பாவத்துக்காக நாம் வருந்துவோம் என்றார். பிறகு, நம் பெண்களுக்கு இந்த வாய்ப்பைத் தேடித் தந்தவர் என்று அக்காவை அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். கை தட்டல் கேட்டது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஆள் குறைந்தது உண்மைதான், ஆனால் நின்றுபோகவில்லை. மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் போன மாதம் அவள் மூலமாகப் போயிருக்கிறார்கள் என்று கேள்வி. பொன்னாடையோடு முன் வரிசையில் உட்கார்ந்தாள்.

மகளும் நானும் பின்னால், சுவரோரம். எங்கள் பக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரி. படம் இருட்டாகவே போனது. ஒவ்வொரு முகம் வரும்போதும் யார் யார் என்று ஆட்கள் சொல்லிக்கொண்டார்கள். சாமியார் வந்தார். “என் முட்டி டாக்டரு” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. வரிசை வந்தது, கட்டிய கைகள் வந்தன. பிறகு திரை முழுக்க என் முகம். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

குரல் என்னுடையது இல்லை. யாரோ இளம்பெண், சுத்தமான தமிழில், “ஐயனே, எங்களை எங்கே கொண்டு செல்கிறீர்கள்? எங்கள் மண்ணை ஒருமுறை தொட்டுக்கொள்கிறோம்” என்று அழுதாள். பின்னால் வயலின். மண்டபத்தில் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. முன் வரிசையில் அக்கா புதுப் பொன்னாடையின் நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

மகளுக்கு அந்தக் குரலும் கேட்கவில்லை, வயலினும் கேட்கவில்லை. அவள் திரையில் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உதடும் என் உதட்டோடு சேர்ந்து அசைந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“எம்மா, என் பாஸ்போர்ட்டத்தான கேக்கற நீ?”

மண்டபம் முழுக்கக் கேட்டது அவள் குரல். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

“யக்கா, யக்கான்னு சொல்ற. எண்ணெ வேணாங்கற. ஆருகிட்டம்மா கேக்கற? அக்காகிட்டயா?”

வரிசை வரிசையாகத் தலைகள் எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தன. பொன்னாடை போர்த்தியவள் தலை மட்டும் திரையைப் பார்த்தபடியே இருந்தது. என் கை வழக்கம்போல மகளின் கைமேல் போய்விட்டது. நான் அதை அழுத்தவில்லை. அவள் பார்க்கும்படி முகத்தைத் திரை வெளிச்சத்துக்குத் திருப்பி, “ஆமா, அக்காகிட்டதான்” என்றேன். குரலோடுதான் சொன்னேன்.